கண்ணில் சுணை பட்டதா? முதல் 18 மணி நேரம் முக்கியம்



அறுவடைக் காலம் வந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் நெல்தான். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குடைவரைக் கோயில் இருக்கும் தளவானூர் வயல்கள் தொடங்கி, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வரை அதே காட்சி. களத்துமேட்டில் தூற்றுகிறார்கள். தார்ச்சாலையில் காயவைக்கிறார்கள். டிராக்டரில் வைக்கோல் ஏற்றுகிறார்கள். இந்த வேலைகளில் இருப்பவர்களில், கண்ணில் ஒரு சுணையோ கருக்காயோ வைக்கோல் நுனியோ ஒரு தடவையாவது படாதவர்கள் குறைவு. "கசக்காத, தண்ணி ஊத்து, காலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். பல நேரம் சரியாகியும் விடும்.

சரியாகாமல் போகும் கண்களைப் பற்றியதுதான் இந்த இதழின் பாடம். "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்று ஊரில் சொல்கிறோமே, அந்த வெள்ளைத் தழும்பு பலருக்கு இப்படி ஒரு சின்னக் கீறலில் தொடங்கியதுதான். வயலில் நிற்பது உங்கள் அப்பாவாக, அம்மாவாக, பெரியம்மாவாக இருக்கலாம். செல்போன் உங்கள் கையில் இருக்கிறது. மருந்து பாட்டிலில் உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும், 104-க்குப் பேசவும், மருந்து நேரத்துக்கு அலாரம் வைக்கவும் வீட்டில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிச்சு வச்சுக்குங்க.

கருவிழி: அரை மில்லிமீட்டர் ஜன்னல்

கண்ணின் கருப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் மூடியிருக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் கார்னியா என்கிறார்கள். தமிழில் கருவிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். நடுப்பகுதியில் இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சம் இதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் இந்தப் படலத்தில் ரத்தக் குழாய்களே கிடையாது.

ரத்தக் குழாய் இல்லாததால்தான் படலம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. கையில் முள் குத்தினால் ரத்தத்தின் வழியாக நோயை எதிர்க்கும் அணுக்கள் உடனே வந்து சேர்ந்துவிடும். கருவிழிக்கு அந்த வசதி குறைவு. கண்ணீரும், மேலே இருக்கும் மெல்லிய தோலும்தான் அதற்குக் காவல்.

அந்த மேல்தோலில் மட்டும் கீறல் விழுந்தால் ஓரிரு நாளில் தானாக மூடிக்கொள்ளும், தழும்பும் வராது. கீறல் மூடுவதற்கு முன் கிருமி உள்ளே போய்விட்டால் கதை வேறு. அடியில் இருக்கும் படலம் அழுகிப் புண்ணாகும். மருந்தால் கிருமி செத்தாலும், புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அந்தத் தழும்பு கருவிழியின் நடுவில் விழுந்தால் கண் திறந்திருந்தும் பார்வை இருக்காது.

மதுரையில் எண்ணிப் பார்த்தார்கள்

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோய் இல்லை. 1993-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்துக்குச் செய்த கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு ஓராண்டில் புதிதாகக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் 1980-களில் எடுத்த கணக்கு ஒரு லட்சத்துக்கு 11 பேர்தான். ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம்.

1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, கண்ணில் ஏதோ பட்டதாகச் சொன்னவர்கள். பெரும்பாலோர் விவசாய வேலை செய்பவர்கள். புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் 297 பேருக்குக் கிருமி வளர்ந்தது. அதில் 140 பேருக்கு பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை.

இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய சமம் என்பதைக் கவனிங்க. குளிர் நாடுகளில் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது அபூர்வம். நம் வெயிலிலும் ஈரத்திலும் நெல் தாள், கரும்புச் சோகை, மல்லாட்டைக் கொடி, மண் எல்லாவற்றிலும் பூஞ்சை இருக்கிறது. மதுரையில் அதிகம் கிடைத்தது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. செடியிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்வது. சுணை கண்ணைக் கீறும்போது பூஞ்சையையும் சேர்த்தே உள்ளே வைத்துவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. "மெடிக்கல்ல சொல்லி ஒரு டிராப்ஸ் வாங்கிப் போட்டேன், கேக்கல" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

18 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

நேபாளத்தில் பக்தப்பூர் என்ற மாவட்டம். அங்கும் நெல் வயல்தான், அங்கும் அறுவடையில் கண் காயம்தான். கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வைத்து, கண்ணில் அடிபட்டவர்களை உடனே பரிசோதித்து, கருவிழியில் கீறல் இருந்தால் பாக்டீரியாவைத் தடுக்கும் களிம்பை மூன்று நாள் போட ஏற்பாடு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 442 பேருக்கு இப்படிச் சிகிச்சை கிடைத்தது. முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. அவற்றைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க:

• அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட புண் வரவில்லை.

• 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 109 பேர். அவர்களில் 4 பேருக்குப் புண் வந்தது.

• 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 14 பேருக்குப் புண் வந்தது. அதாவது நான்கு பேரில் ஒருவருக்கும் மேல்.

காயமும் மருந்தும் ஒரே மாதிரிதான். பெரிய வித்தியாசம், வந்து சேர்ந்த நேரம். பிறகு மதுரைப் பகுதிக் கிராமங்களிலும் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களை வைத்து இதே போன்ற முயற்சி நடந்தது. அங்கேயும் சீக்கிரம் கவனித்த கீறல்கள் நன்றாக ஆறின.

இதை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்க. மாலை 5 மணிக்குத் தூற்றும்போது அம்மாவுக்குக் கண்ணில் சுணை பட்டது என்று வைத்துக்கொள்வோம். 18 மணி நேரம் முடிவது மறுநாள் காலை 11 மணிக்கு. அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவு நடக்கும் நேரம் அது. அதாவது, மறுநாள் காலை முதல் பஸ் பிடித்தால் போதும். "இன்னிக்கு ஒரு நாள் அறுப்பு முடிஞ்சிடட்டும், நாளைக்குப் போலாம்" என்று தள்ளிப்போட்டால் 40 மணி நேரம் தாண்டிவிடும். ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மை. ஆனால் பூஞ்சைப் புண் வந்தால் வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது என்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. பக்தப்பூர் கதையைப் படித்துவிட்டு நீங்களே களிம்பு வாங்கிப் போடலாம் என்று நினைக்காதீங்க. அங்கே பணியாளர்கள் கண்ணில் சாயம் விட்டு, நீல விளக்கில் கீறலைப் பார்த்த பிறகுதான் மருந்து கொடுத்தார்கள். ஏற்கெனவே புண் இருந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கண்ணில் பட்ட உடனே என்ன செய்யணும்?

1. கசக்காதீங்க. கண்ணுக்குள் இருக்கும் சுணை, கசக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கீறும்.

2. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு, குடிக்கும் தண்ணீரால் கண்ணைத் திறந்து மூடி அலசுங்க. வாய்க்கால் தண்ணீர், பம்புசெட் தொட்டித் தண்ணீர் வேண்டாம்.

3. அலசிய பிறகும் உறுத்தல், கண்ணீர், கூச்சம் இருந்தால் கீறல் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்க.

4. கண்ணை இறுக்கிக் கட்டாதீங்க. கட்டுக்குள் இருக்கும் சூடும் ஈரமும் கிருமிக்கு வசதி. வெளியே போக கருப்புக் கண்ணாடி போதும்.

5. சுண்ணாம்பு, பூச்சிமருந்து, ஆசிட் போன்றவை பட்டால் மட்டும் முறை வேறு. எங்கேயும் ஓடாமல், கிடைக்கும் தண்ணீரில் அங்கேயே உடனே கழுவத் தொடங்குங்க. குறைந்தது 15 முதல் 30 நிமிடம் விடாமல் கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி. சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் அதையும் கழுவி வெளியேற்ற வேண்டும்.

6. முள், கம்பி, கல் உடைக்கும்போது தெறித்த சில்லு என ஏதாவது கண்ணைக் குத்தி நிற்கிறதா? பிடுங்காதீங்க, கழுவாதீங்க, அழுத்தாதீங்க. ஒரு சுத்தமான பேப்பர் கப்பைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டிவிட்டு, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பூச்சாறு பிழிவது, நாக்கால் தூசு எடுப்பது, புடவை முந்தானையைத் திரித்துக் கண்ணுக்குள் துழாவுவது. பாட்டி பாசத்தோடு செய்வதுதான். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் கீறல் விழுந்த கருவிழியில் கிருமி சேர இவை வழி செய்துவிடும். "பாட்டி, இது சுணை பட்ட கண்ணு, டாக்டர் பார்க்கட்டும்" என்று சொல்லித் தடுத்துவிடுங்க.

இதைவிடவும் ஆபத்தானது ஒன்று இருக்கிறது. அது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. கடையில் கேட்டு வாங்கியதோ, பக்கத்து வீட்டு அண்ணனின் ஆபரேஷனுக்குக் கொடுத்து மிச்சம் இருப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. போட்ட உடனே சிவப்பு குறையும், வலி குறையும். "நல்ல மருந்து" என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு கண்ணின் எதிர்ப்பு சக்தியைத்தான் அடக்குகிறது. பூஞ்சை அதற்குப் பிறகு தடையில்லாமல் வளரும். சில நாள் கழித்து வலி திரும்பும்போது புண் ஆழமாகியிருக்கும்.

இங்கேதான் உங்கள் செல்போன் உதவும். பாட்டிலைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், லோட்டிபிரட்னால், ஃபுளூரோமெத்தலோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சுணை பட்ட கண்ணில் அதை நீங்களாகப் போடக் கூடாது. அதே சமயம், கண் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தவும் கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது அவசியம். காரணம் கீழே வருகிறது.

மெட்ராஸ் ஐ-யா, கருவிழிப் புண்ணா?

கண் சிவந்தாலே "மெட்ராஸ் ஐ" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் போகும். வீட்டிலோ பள்ளியிலோ இன்னும் சிலருக்கு இருக்கும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பூளையைத் துடைத்துவிட்டால் பார்வை பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

கருவிழிப் புண் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான். வலி அதிகம், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும். சில நாளில் கருப்புப் பகுதியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளி தெரியும். பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். அதனால் முதல் சில நாள் "பெரிசா ஒண்ணுமில்லை" என்று ஏமாற்றும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அடிபட்ட கண்ணால் மட்டும் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் படிக்கச் சொல்லுங்க. நேற்று வரை தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால் அது மெட்ராஸ் ஐ என்று விட்டுவிட வேண்டாம். அன்றே கிளம்புங்க. வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அப்படியே. சோதனையில் எழுத்து தெரிகிறது என்பதற்காக, உறுத்தலோடு வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

தெரிந்துவைத்திருந்தால் பயம் குறையும். கண்ணில் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கீறல் பச்சையாக ஒளிரும். புண் இருந்தால் மரத்துப்போகும் மருந்து விட்டு, ஓரத்திலிருந்து துளி அளவு சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்க சில நாள் ஆகும்.

பூஞ்சை என்றால் பொதுவாகக் கொடுப்பது நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து. விலை கூடிய புது மருந்துதான் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். நாட்டாமைசினையும் வோரிகோனசோல் என்ற புதிய மருந்தையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மதுரை, புதுச்சேரி உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். 2013-இல் முடிவு வந்தது. பழைய நாட்டாமைசினே மேல், அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு நன்றாகவே மேல் என்று தெரிந்தது. அதில் பங்கேற்றவர்கள் நம் பக்கத்து ஜனங்கள். அவர்கள் கண்ணில் கிடைத்த விடை உலகம் முழுவதும் மருத்துவர்களுக்குப் பயன்படுகிறது.

இந்த மருந்தை முதல் நாட்களில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை விட வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் தொடர வேண்டும். இடையில் "கொஞ்சம் தேவலை" என்று நிறுத்தினால் புண் திரும்பும். செல்போனில் மணிக்கொரு அலாரம் வைங்க. இரண்டு மருந்து இருந்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்க. தினமும் காலையில் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கண்ணைப் படம் எடுத்து வைத்தால், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம்.

வயலுக்கே போகாதவர்களுக்கு: கான்டாக்ட் லென்ஸ்

"நான் ஆபீஸ் வேலை, எனக்கு இது வராது" என்று நினைக்காதீங்க. வயலில் சுணை செய்யும் வேலையை, கவனமில்லாமல் போட்ட கான்டாக்ட் லென்ஸும் செய்யும். கருவிழியின் மேல்தோலை உரசும், அழுக்கையும் கிருமியையும் அதன் மேலேயே பிடித்து வைத்திருக்கும். தூங்கும்போது இமையும் மூடிவிட்டால் கருவிழிக்கு ஆக்சிஜன் குறையும்.

2006-இல் சிங்கப்பூரில் லென்ஸ் அணிபவர்களுக்கு வரிசையாகப் பூஞ்சைப் புண் வந்தது. கிருமி எது தெரியுமா? நம் நெல் வயலில் பார்த்த அதே ஃபியூசேரியம். அதே ஆண்டு அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் ஒரு குறிப்பிட்ட திரவத்தோடு தொடர்பு தெரிந்ததால், அந்தத் திரவத்தை மே மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். வயலையே பார்க்காத நகரவாசிகளின் கண்ணுக்கும் அந்தப் பூஞ்சை வந்து சேர்ந்தது.

லென்ஸ் போடுபவர்கள் மறக்கக் கூடாதவை:

• லென்ஸோடு தூங்காதீங்க. பஸ்ஸில் போடும் குட்டித் தூக்கமும் இதில் சேரும். லென்ஸோடு தூங்குபவர்களுக்குக் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

• லென்ஸுக்கும் அதன் டப்பாவுக்கும் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், எச்சில் எதுவும் படக் கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் போனால் கடுமையான வலி வரும். மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். குளிக்கும்போதும், ஏரி, கிணறு, நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் லென்ஸைக் கழற்றிடுங்க.

• பழைய திரவத்தின் மேல் புதுத் திரவத்தை ஊற்றாதீங்க. தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்க. மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா.

• கல்யாண போட்டோ ஷூட்டுக்குக் கலர் லென்ஸ் போடும் பழக்கம் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. பவர் இல்லாத லென்ஸும் லென்ஸ்தான். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது. கண் மருத்துவர் அளவு பார்க்காமல் வாங்காதீங்க.

• கண் சிவந்தால், வலித்தால், மங்கினால் முதலில் லென்ஸைக் கழற்றுங்க. லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்க. அதிலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்கலாம்.

கருவிழி மாற்று அறுவை செய்தவர்களுக்கு

தழும்பு ஆழமாகிப் பார்வை போனால், அல்லது புண் ஓட்டையாகிவிட்டால், இறந்தவர் தானமாகத் தந்த கருவிழியை வைத்துத் தைக்கலாம். உலகில் முதன்முதலில் மனிதக் கருவிழியை வெற்றிகரமாக மாற்றியவர் எட்வர்ட் சிர்ம், 1905 டிசம்பர் 7-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸ் நகரில். கருவிழி பெற்றவர், கண்ணில் சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு கூலித்தொழிலாளி. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா. அந்த மருத்துவமனையே 1819-இல் தொடங்கியது.

மாற்று அறுவை முடிந்ததும் கவலை முடிந்துவிடாது. இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, உடல் அந்தக் கருவிழியை வேற்றுப் பொருளாக நினைத்து நிராகரிப்பது. இது சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தருகிறார்கள். மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒரு வாரம் விட்டால்கூட சிக்கல் வரலாம். மற்றொன்று தொற்று. தையல் நூல் ஓராண்டுக்கும் மேல்கூட கண்ணில் இருக்கலாம். அது தளர்ந்தால் அந்த இடத்தில் கிருமி புகும். பூஞ்சைப் புண்ணுக்காக மாற்றியிருந்தால், புதுக் கருவிழியிலும் அதே பூஞ்சை திரும்ப வரலாம்.

நான்கு அறிகுறிகளைத் தாளில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டி வைங்க: சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. இதில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்க. நிராகரிப்பைத் தொடக்கத்தில் பிடித்தால் பல நேரம் மருந்தாலேயே காப்பாற்ற முடியும். கண்புரை ஆபரேஷனோ, கண்ணாடி கழற்ற லேசர் சிகிச்சையோ செய்தவர்களுக்கும் இதே நான்கு அறிகுறிகள்தான்.

தானக் கருவிழி கிடைத்தால்தான் இந்த அறுவையே நடக்கும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். முன்கூட்டிப் பதிவு செய்யாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் தரலாம். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு கண் வங்கிக்குச் சொல்லுங்க.

எங்கே போவது, என்ன எடுத்துப் போவது?

முதலில் 104-க்குப் பேசுங்க. அரசின் மருத்துவ ஆலோசனை எண் இது, இரவும் பகலும் இயங்கும். எந்த மருத்துவமனையில் கண் மருத்துவர் என்று இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். இ-சஞ்சீவனி வீடியோ ஆலோசனையிலும் பேசலாம். ஆனால் கருவிழிக் கீறல் வீடியோவில் தெரியாது. நேரில் காட்டுவதற்கு அது மாற்று இல்லை.

தளவானூர், செஞ்சிப் பக்கத்து ஆட்கள் செஞ்சி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். வெள்ளைப் புள்ளியோ, பார்வை மங்கலோ இருந்தால் முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. புதுச்சேரியில் ஜிப்மர், அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை ஆகியவையும் உண்டு.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, இதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்துகளும். பாட்டில் இல்லை என்றால் படம். கண்ணில் என்ன பட்டது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று செல்போனில் குறித்து வைங்க. தாய்ப்பாலோ எண்ணெயோ விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க. மருத்துவர் திட்டினாலும் பரவாயில்லை, சிகிச்சைக்கு அது உதவும்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தில் சேரலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்.

அடுத்த அறுவடைக்கு முன் வீட்டில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வைங்க. தூற்றும்போதும், கரும்புச் சோகை உரிக்கும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் போட்டுக்கொள்ளட்டும். பைக்கில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் போகும்போது ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிடுங்க.

நீங்களே சோதித்துப் பாருங்க

கேள்வி 1: காலை 8 மணிக்கு அப்பாவின் கண்ணில் நெல் சுணை பட்டது. மாலை வரை உறுத்துகிறது. எப்போது போவது?
பதில்: அன்றே போக முடிந்தால் நல்லது. 18 மணி நேரம் நள்ளிரவு 2 மணிக்கே முடிந்துவிடும். அதனால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்று மாலையே 104-இல் கேட்டுக் கிளம்புங்க.

கேள்வி 2: போன வருஷம் மாமாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி இருக்கிறது. போடலாமா?
பதில்: கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டிலைத் திறந்தும் நாளாகிவிட்டது.

கேள்வி 3: சுண்ணாம்பு பட்டால் முதலில் ஆஸ்பத்திரியா, தண்ணீரா?
பதில்: தண்ணீர். 15 முதல் 30 நிமிடம் கழுவிய பிறகு ஆஸ்பத்திரி.

கேள்வி 4: பூஞ்சைப் புண்ணுக்கு மருந்து போட்டு ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. நிறுத்தலாமா?
பதில்: மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. அலாரம் ஓடட்டும்.

கேள்வி 5: லென்ஸ் போட்ட தங்கைக்குக் கண் சிவந்து வலிக்கிறது. என்ன செய்வது?
பதில்: லென்ஸைக் கழற்றச் சொல்லுங்க. லென்ஸையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்க.

நான்குக்கு மேல் சரியாகச் சொன்னவர்கள், இந்தப் பக்கத்தை உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்க. செல்போன் இல்லாத பெரியவர்களுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுங்க. "கண்ணுல பட்டா 18 மணி நேரம்" என்ற ஒரு வரி அவர்கள் நினைவில் நின்றாலே போதும்.